எமிலியாவா, பூலியாவா, சிசிலியா? நண்பர்களோடு பை மாட்டிக்கொண்டு சாப்பிடப் போக ஏற்ற இத்தாலி

நாலைந்து நண்பர்கள், ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் வரை விடுப்பு. இத்தாலி என்று முடிவாகிவிட்டது. இத்தாலியில் எங்கே என்பதில்தான் வாட்ஸப் குழு இழுபறியில் கிடக்கும். முதலில் வரும் யோசனை பெரும்பாலும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ். பார்க்க வேண்டிய ஊர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சாப்பாட்டுக்காகக் கிளம்புகிறவர்களுக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். பகல் முழுக்க வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். பசித்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதோ, படம் போட்ட மெனுவோடு வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடை. நேப்பிள்ஸையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாகவே ஒரு பயணம் போகலாம்.

மிச்சத்தில் கூட்டமாகப் போக ஏற்றவை என்று நான் நினைப்பவை மூன்று. வடக்கே பொலோனியாவை நடுவில் வைத்த எமிலியா-ரொமாஞா. காலணி வடிவ இத்தாலியின் குதிகாலில் இருக்கும் பூலியா. அப்புறம் சிசிலித் தீவு. மூன்றிலும் கார் இல்லாமல் ஊர் ஊராகப் போகலாம், சின்ன ஊரிலும் நன்றாகச் சாப்பிடலாம். ஆனால் சாப்பாடு கைக்கு வந்து சேரும் விதம் மூன்று இடத்திலும் வேறு. எமிலியாவில் மேசை போட்டு உட்கார்ந்தால்தான் முழுச் சுவை. பூலியாவில் பாதி சாப்பாடு அடுமனையிலும் கடற்கரையிலும் முடிந்துவிடும். சிசிலியில் தெருவிலேயே நின்றுகொண்டு வயிற்றை நிரப்பிவிடலாம். பணமும் நேரமும் எங்கே போகும் என்பதை முக்கால்வாசி இதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் கேட்க வேண்டியது: யார் என்ன சாப்பிடுவார்கள்?

நம் ஆட்கள் சேர்ந்து போகும் கூட்டத்தில் ஒருவராவது சைவமாக இருப்பார். ஒருவர் பன்றி தொட மாட்டார், இன்னொருவர் மாடு தொட மாட்டார், மற்றொருவர் எதையும் விட மாட்டார். இதைக் கடைசி நேரத்துக்குத் தள்ளாமல் இடம் தேர்ந்தெடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

எமிலியா பன்றியின் ஊர். பொலோனியாவின் மொர்த்ததெல்லா, பார்மாவின் ப்ரொஷூத்தோ, மோடெனாவின் ஸம்போனே எல்லாமே பன்றி. பொலோனியாவின் பெருமையான தோர்தெல்லீனிக்குள் வைக்கும் பூரணத்திலும் பன்றிதான். ராகு என்று சொல்லும் இறைச்சிக் குழம்பில் மாடும் பன்றியும் சேர்ந்தே வரும். ரொமாஞா பக்கத்து பியாதீனா பார்க்க வெறும் ரொட்டி. ஆனால் பழைய முறைப்படி அதைப் பிசைவது பன்றிக் கொழுப்பில். ஆலிவ் எண்ணெயில் செய்பவர்களும் உண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

முட்டையும் சாப்பிடாத சைவர்களுக்கு எமிலியா இன்னும் கஷ்டம். அங்கே பாஸ்தா மாவு பிசைவதே 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கில். தெற்கே வந்தால் கதை மாறிவிடும். பூலியாவின் ஒரெக்கியெத்தே கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை கிடையாது. இந்த ஒரு வேறுபாடே சில கூட்டங்களுக்கு முடிவைச் சொல்லிவிடும்.

பாலாடைக்கட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்மிஜானோ ரெஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமென்றால் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் சேர்க்க வேண்டும், அதுதான் விதி. அதைச் சைவம் என்று எடுத்துக்கொள்வதா இல்லையா என்பது அவரவர் முடிவு. கண்டிப்பாக இருப்பவர்கள் எமிலியாவில் தட்டு வரும் முன்பே 'சென்ஸா பார்மிஜானோ' என்று சொல்லிவிட வேண்டும். தெற்கிலும் பல பாலாடைக்கட்டிகளுக்கு இதே முறைதான். ஆனால் அங்கே பாலாடைக்கட்டியே இல்லாத தட்டுகள் நிறைய.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் அங்கே நிறைய. 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நெத்திலி போடாமல் விடுவார்கள். இறைச்சி வேகவைத்த சாறு இருக்கிறதா என்று தனியாகவும் கேட்கலாம். அந்தச் சாற்றின் பெயர் 'ப்ரோதோ'.

எமிலியா: ஒரே தண்டவாளத்தில் கோர்த்த ஊர்கள்

கிறிஸ்துவுக்கு முன் 187-இல் ரோமானியர்கள் ரிமினியிலிருந்து பியாசென்ஸா வரை நேர்கோடாக ஒரு சாலை போட்டார்கள். வியா எமிலியா என்ற அந்தச் சாலையிலிருந்துதான் பகுதிக்கே பெயர் வந்தது. பார்மா, ரெஜோ எமிலியா, மோடெனா, பொலோனியா, ரிமினி எல்லாம் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. இன்றைய ரயில் பாதையும் கிட்டத்தட்ட அதை ஒட்டியே போகிறது. பொலோனியாவிலிருந்து மோடெனா அரை மணி நேரத்துக்குள், பார்மா ஒரு மணி நேரம். ஃபெராராவும் ரவென்னாவும் இந்தக் கோட்டில் இல்லை, ஆனால் அங்கேயும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். வட்டார ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. விலையும் என்று வாங்கினாலும் ஒன்றுதான்.

பை தூக்கிப் போகிறவர்களுக்கு இதன் அருமை சாதாரணமில்லை. பொலோனியாவில் ஒரே இடத்தில் தங்கி, பையை அறையில் போட்டுவிட்டு, தினமும் ஒரு ஊர் போய்த் திரும்பலாம். ஒருவருக்கு ரவென்னாவின் மொசைக்குகளும் கவிஞர் தாந்தேயின் கல்லறையும் பார்க்க ஆசை, இன்னொருவருக்கு மோடெனா போய்ச் சாப்பிட ஆசை என்றால், காலையில் பிரிந்து போய் இரவு சேர்ந்து சாப்பிடலாம். கூட்டமாகப் போகும் பயணங்களில் சண்டை வருவது பெரும்பாலும் எல்லோரும் எல்லா நேரமும் ஒன்றாகவே இருப்பதால்தான். மற்ற இரண்டு வழிகளிலும் இவ்வளவு சுலபமாகப் பிரிந்து சேர முடியாது.

பொலோனியாவுக்கு வந்து 'ஸ்பகெத்தி பொலோனீஸ்' கேட்காதீர்கள். இங்கே ராகு வருவது தல்யதெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவோடு. இந்த ஊர்க்காரர்கள் இதில் எவ்வளவு தீவிரம் என்றால், வெந்த தல்யதெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் வணிக மன்றத்தில் பதிவு செய்தார்கள். 1982-இல் ராகுவின் செய்முறையையும் அங்கேயே பதிந்து வைத்தார்கள். த்ராத்தோரியா என்ற சாதாரண உணவகத்தில் ஒரு தட்டு 12 யூரோவை ஒட்டி வரும். அதோடு ஆளுக்கு 2, 3 யூரோ 'கொபெர்த்தோ', அதாவது மேசைக் கட்டணம். தண்ணீரும் பாட்டிலாகத்தான் வரும். நாலு பேர் இரண்டு வேளையும் உட்கார்ந்து சாப்பிட்டால் பட்ஜெட் மூன்றாம் நாளே முனகும்.

அதற்கும் வழி இருக்கிறது. பொலோனியாவின் நடுவே குவாத்ரிலாத்தெரோ என்ற பழைய சந்தைத் தெருக்களில், 1465 முதல் இருப்பதாகச் சொல்லும் ஒஸ்தெரியா தெல் சோலே என்று ஒரு மதுக்கடை உண்டு. அங்கே குடிக்க மட்டும்தான் விற்பார்கள், சாப்பாட்டை நாமே கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் கடைகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, மொர்த்ததெல்லா, தக்காளி வாங்கிக்கொண்டு போய் நீளமான மர மேசையில் பரப்பினால் ஆளுக்குப் பத்து யூரோவில் மதியம் முடிந்துவிடும். பக்கத்து மேசையில் முதியவர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தாலும் இருப்பார்கள். மோடெனாவில் அதே வேலைக்கு அல்பினெல்லி சந்தை. 1931-இல் திறந்த மூடு சந்தை அது, காலையில் போக வேண்டும்.

பார்மிஜானோ செய்வதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் விடிகாலையில் எழ வேண்டியிருக்கும். பால் திரிப்பது காலை வேலை, மதியம் போனால் கழுவிய தரையைத்தான் பார்க்கலாம். சுமார் 550 லிட்டர் பால் சேர்ந்து 40 கிலோ உருளை ஒன்றாகிறது, அது குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். ஆலைகள் வயல்களுக்கு நடுவே இருப்பதால் நாலு பேர் சேர்ந்து டாக்ஸி எடுப்பதுதான் சரி. மோடெனாவின் மரபு பால்சமிக் வினிகர் இன்னொரு பொறுமை விளையாட்டு. மரப் பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம், 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்றால் 25 வருடம். 100 மில்லி குப்பி 40 யூரோவுக்கு மேல். ருசி பார்த்துவிட்டு வந்தாலே போதும், பையில் கண்ணாடிக் குப்பியைச் சுமக்க வேண்டாம்.

சைவர்களுக்கு இங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய். ஃபெராராவில் பூசணி அடைத்த கப்பெல்லாச்சி, பார்மாவில் கீரையும் ரிக்கோத்தா பாலாடைக்கட்டியும் அடைத்த தோர்தெல்லி, பொலோனியாவில் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்ட தோர்தெல்லோனி எல்லாம் நல்ல தட்டுகள். முட்டையும் பார்மிஜானோவும் பரவாயில்லை என்பவர்களுக்கு நாலு நாள் தாங்கும். அதற்கு மேல் மெனு திரும்பத் திரும்ப வரும்.

தங்குமிடம்தான் பொலோனியாவின் பலவீனம். 1088-இல் தொடங்கியதாகச் சொல்லும் பல்கலைக்கழகம் இருக்கும் மாணவர் நகரம் அது. வாடகை எப்போதும் ஏறியே இருக்கும், வணிகக் கண்காட்சி நடக்கும் வாரங்களில் விலை இரட்டிப்பாகிவிடும். ஹாஸ்டல்களும் சொற்பம். நாலு பேர் என்றால் சமையலறையோடு ஒரு வீடு எடுப்பது கட்டுபடியாகலாம். மழை வந்தால் பயமில்லை: நகரம் முழுக்க 62 கிலோமீட்டர் நீளத்துக்குத் தூண் வரிசை நடைபாதைகள், குடை இல்லாமலே ஊர் சுற்றலாம். 2021-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பூலியா: ரவை, ஆலிவ் எண்ணெய், கடல்

என் ஓட்டு பூலியாவுக்கு. சைவம், அசைவம் கலந்த கூட்டம், சிக்கனமான பட்ஜெட், கோடையைத் தொட்ட மாதம் என்றால் வேறு யோசனையே வேண்டாம்.

பாரியிலிருந்து லெச்சே வரை கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டியே முக்கிய ரயில் பாதை போகிறது: பாறைமேட்டின் மேல் நிற்கும் பொலிஞானோ, மீன்பிடித் துறைமுகமான மொனோபோலி, குன்றின் மேல் வெள்ளையடித்த ஒஸ்தூனி, பிரிந்திசி, கடைசியில் மஞ்சள் கல் பரோக் நகரமான லெச்சே. முழுத் தூரமும் இரண்டு மணி நேரத்துக்குள். பாரியில் இறங்கி பிரிந்திசியில் விமானம் ஏறலாம், வந்த வழியே திரும்ப வேண்டாம்.

இங்கேயுள்ள சமையல் ஏழைகளின் சமையல் என்று அவர்களே பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். இறைச்சி வாங்கக் காசில்லாத விவசாயிகள் பருப்பையும் கீரையையும் எண்ணெயையும் வைத்து உருவாக்கியது. 'ஃபாவே எ சிக்கோரியா' அதற்குச் சிறந்த உதாரணம். உலர்ந்த பெரிய அவரைப் பருப்பை மசிய வேகவைத்து, பக்கத்தில் கசக்கும் கீரையை வதக்கி வைத்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய். வேறு ஒன்றும் கிடையாது. லெச்சே பக்கம் 'சீசெரி எ த்ரியா' என்று கொண்டைக்கடலையோடு பாஸ்தா. அந்தப் பாஸ்தாவில் ஒரு பங்கை மட்டும் எண்ணெயில் பொரித்துச் சேர்ப்பார்கள், மொறுமொறுப்பு வாயில் தட்டுப்படும். சைவர்கள் வேண்டா வெறுப்பாக சாலட் கொறிக்கும் நிலை இங்கே வராது.

பாரியின் பழைய ஊரில் ஆர்கோ பாஸோ என்ற சந்தில் பெண்கள் வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே செய்து காயவைப்பார்கள். கத்தியால் மாவுத்துண்டை இழுத்து, கட்டைவிரலால் திருப்பி, கண் இமைக்கும் நேரத்தில் ஒன்று. இப்போது அந்தத் தெரு படமெடுப்பவர்களால் நிரம்பிவிட்டது, காலையிலேயே போனால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரெக்கியெத்தேயோடு வரும் 'சீமே தி ராப்பா' கீரை குளிர்காலப் பயிர். ஜூலையில் அதைக் கேட்டால் வருவது உறைபெட்டிக் கீரையாகத்தான் இருக்கும். கோடையில் தக்காளியும் காச்சோரிக்கோத்தா என்ற துருவிய பாலாடைக்கட்டியும் போட்டதைக் கேளுங்கள். குளிர்காலத்தில் கீரை கேட்கும் சைவர்கள் நெத்திலி வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தத் தட்டில் அது வழக்கமாகச் சேர்வது.

காசு மிச்சமாவது அடுமனையில். பாரியின் ஃபொகாச்சா என்பது ரவை கலந்த மாவில் தக்காளியை நசுக்கிப் பதித்து, ஆலிவ் காய் போட்டு, தாராளமாக எண்ணெய் விட்டு வட்டத் தட்டில் சுட்டது. ஒரு பெரிய துண்டு மூன்று யூரோவை ஒட்டித்தான். அதைக் காகிதத்தில் சுற்றிக் கடலோரச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டால் மதிய உணவு முடிந்தது, கொபெர்த்தோவும் இல்லை. மாலையில் மொஸரெல்லாவும் தக்காளியும் உள்ளே வைத்துப் பொரித்த பன்ஸெரோத்தோ. சுடச்சுடக் கடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் பாலாடைக்கட்டி நாக்கைச் சுட்டுவிடும். பாரி பக்கத்து அந்திரியாவில் பிறந்த, உள்ளே க்ரீம் வைத்த பாலாடைக்கட்டியான புர்ராத்தாவை அதே நாளில் செய்ததாகப் பார்த்து வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு வேறெங்கே சாப்பிட்டாலும் குறை சொல்லத் தோன்றும்.

கடல் உணவு விரும்பிகளுக்கு பாரியின் பழைய துறைமுகம். மீனவர்கள் ஆக்டோபஸைக் கல்லில் அடித்து அடித்து மென்மையாக்குவதைப் பார்க்கலாம். ஊர்க்காரர்கள் அதைப் பச்சையாகவே பெரோனி பியரோடு உள்ளே தள்ளுவார்கள். பச்சை வேண்டாம் என்பவர்களுக்கு அரிசி, உருளைக்கிழங்கு, மஸ்ஸல் சிப்பி மூன்றையும் அடுக்கி அடுப்பில் வேகவைத்த தியெல்லா இருக்கிறது. இறைச்சி வேண்டுமென்றால் உள்நாட்டில் சிஸ்தெர்னீனோ. அங்கே கசாப்புக் கடையிலேயே இறைச்சியைத் தேர்ந்தெடுத்தால் பின்னாலுள்ள அடுப்பில் சுட்டு மேசைக்குக் கொண்டுவருவார்கள், கூட்டமாகப் போகிறவர்களுக்கென்றே அமைந்த ஏற்பாடு. லெச்சே பக்கம் குதிரை இறைச்சியும் மெனுவில் இருக்கும். 'கவல்லோ' என்று எழுதியிருந்தால் அதுதான், தெரிந்துகொண்டு கேளுங்கள்.

பூலியாவின் குறை, கடற்கரைப் பாதையை விட்டு விலகினால் தெரியும். கூம்புக் கூரை வீடுகளுக்குப் பேர்போன அல்பெரோபெல்லோ, லொகொரோதோந்தோ, மார்த்தீனா ஃப்ராங்கா எல்லாம் வேறொரு சின்ன ரயில் நிறுவனத்தின் பாதையில். வண்டி மெதுவாகப் போகும், பாதை வேலை என்று அடிக்கடி பேருந்தாக மாறும், ஞாயிறன்று சேவை மிகக் குறைவு. குகை வீடுகளின் மத்தேரா பக்கத்து மாநிலமான பசிலிகாத்தாவில். அங்கேயும் பாரியிலிருந்து தனி ரயில், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நம்ப வேண்டாம். ஒஸ்தூனி நிலையம் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே. பேருந்து உண்டு, தவறவிட்டால் வெயிலில் ஏற்றம். உள்நாட்டு ஊர்கள்தான் முக்கியம் என்று கூட்டம் நினைத்தால் நடுவில் இரண்டு நாள் மட்டும் கார் எடுக்கலாம். நாலு பேருக்குப் பிரித்தால் தாங்கும்.

ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டி இத்தாலியே கடலுக்கு வரும், அதில் பாதி பூலியாவுக்கு வந்ததுபோலத் தோன்றும். மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் நல்ல மாதங்கள். செப்டம்பரில் அத்திப்பழமும் திராட்சையும் சாலையோரத்திலேயே கிடைக்கும்.

சிசிலி: தெருவில் நின்று சாப்பிடுபவர்களுக்கு

ருசியை மட்டும் வைத்து மார்க் போட்டால் சிசிலிதான் முதல். கிரேக்கர், அராபியர், நார்மன்கள், ஸ்பானியர் என்று வந்து ஆண்டவர்கள் எல்லோரும் அடுப்பில் எதையாவது விட்டுப் போயிருக்கிறார்கள். மேற்கே த்ராபனியில் மீன் குழம்போடு கூஸ்கூஸ் சாப்பிடுவார்கள், வட ஆப்பிரிக்கா அவ்வளவு பக்கம். கத்திரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகச் சமைக்கும் கப்பொனாத்தா, கத்தானியாவின் கத்திரிக்காய்ப் பாஸ்தாவான 'நோர்மா' இரண்டும் இறைச்சி இல்லாதவை.

பலெர்மோவின் பல்லரோ சந்தைக்குப் போனால் உட்கார்ந்து சாப்பிடும் நினைப்பே வராது. எள் தூவிய ரொட்டிக்குள் வைத்துத் தரும் பனெல்லே முழுக்கக் கொண்டைக்கடலை மாவு. மாவைக் கிண்டி, ஆறவிட்டு, துண்டாக்கிப் பொரிப்பது. நம் பஜ்ஜிக்குள் இருந்த காயைக் காணோம் என்பது போல இருக்கும், எலுமிச்சை பிழிந்தால் இன்னும் இரண்டு கேட்கும். எதையும் விடாத அந்த நண்பருக்கு மண்ணீரல் வைத்த ரொட்டி. பெரிய அரிசி உருண்டையான அரஞ்சீனா ஒன்று இருந்தால் ஒரு வேளைக்குப் போதும். 'அல் பூர்ரோ', அதாவது வெண்ணெய் என்று எழுதியிருப்பதில் பன்றித் தொடை இறைச்சி இருக்கும், சைவர்களும் பன்றி சாப்பிடாதவர்களும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதே உருண்டை பலெர்மோவில் பெண்பாலாக அரஞ்சீனா, கத்தானியாவில் ஆண்பாலாக அரஞ்சீனோ. வடிவமும் அங்கே கூம்பாகிவிடும். இந்தச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். இரண்டு ஊரிலும் தின்றுவிட்டு வருவோம்.

காலை உணவுக்கு க்ரனீத்தா என்ற பாதாம் பனிக்கூழும் பிரியோஷ் பன்னும். கோடை வெயிலில் இதைவிட நல்ல தொடக்கம் இத்தாலியில் எனக்குத் தெரியவில்லை. மோதிகாவில் குளிர்ந்த நிலையிலேயே அரைப்பதால் சர்க்கரை கரையாமல் நரநரவென்று பல்லில் படும் சாக்லேட். சந்தை வாசல் செலவுகளை மட்டும் கூட்டினால் ஒரு நாள் சாப்பாடு மூன்று வழிகளிலும் இங்கேதான் மலிவு.

ஆனால் தீவு பெரியது, ரயில் மெதுவானது. பலெர்மோவிலிருந்து கத்தானியாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல். புதுப் பாதை கட்டும் வேலையும் நடக்கிறது, அதனால் இந்தத் தூரத்துக்குப் பேருந்துதான் என் தேர்வு. கத்தானியாவிலிருந்து சிராகூசா ஒன்றேகால் மணி நேரம், அது சுலபம். 1693 நிலநடுக்கத்தில் இடிந்து பரோக் பாணியில் மறுபடி எழுந்த நோட்டோ, மோதிகா, ரகூசா ஊர்களுக்குப் பாதை உண்டு. வண்டிகள்தான் விரல் விட்டு எண்ணும்படி, ஞாயிறன்று அதுவும் சந்தேகம். பொலோனியா போல ஓரிடத்தில் தங்கிப் போய்வருவது இங்கே நடக்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பையைக் கட்டி இடம் மாற வேண்டும். இத்தாலியில் ஒரு வாரம்தான் என்பவர்கள் பாதித் தீவை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது, கிழக்குப் பாதி என்றால் போக்குவரத்து இலகு.

சிசிலிக்குப் போகும் வழியே ஒரு அனுபவம் என்பதையும் சொல்ல வேண்டும். ரோமிலிருந்து இரவு ரயில் ஏறினால் மெஸ்ஸினா நீரிணையில் ரயிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றுவார்கள். பயணிகள் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். நாலு பேர் கொண்ட ஒரு படுக்கை அறையை முழுசாக எடுத்துக்கொண்டால் ஒரு இரவு ஹாஸ்டல் வாடகையும் மிச்சம். விமானத்தைவிடப் பல மணி நேரம் கூடுதல், ஆனால் கூட்டமாகப் போகும்போது அந்த நேரம் வீணாகாது.

எப்படி முடிவெடுப்பது

நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் விடுப்பு என்றால் எமிலியா. பனிமூட்டத்தில் நடந்து வந்து சூடான சாற்றில் மிதக்கும் தோர்தெல்லீனியைச் சாப்பிட அதுதான் பருவம், கடலோர ஊர்களோ அப்போது பாதி மூடிக் கிடக்கும். நாலைந்து நாள்தான் கையில் இருக்கிறது, எல்லோரும் எல்லாம் சாப்பிடுவார்கள் என்றாலும் எமிலியாதான். பத்து நாளுக்கு மேல் இருந்து, திட்டம் சொதப்பினாலும் சிரிக்கும் கூட்டமாக இருந்தால் சிசிலி. அதில் ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டே இருப்பவரானால் வேண்டாம், அந்த ரயில் நேரங்கள் அவரைக் கொன்றுவிடும், அவர் மற்றவர்களை. ஒரு வாரம், கலப்புக் கூட்டம், மே அல்லது செப்டம்பர் என்றால் பூலியா.

மூன்றையும் ஒரே பயணத்தில் தொடலாமா என்று யாராவது கேட்பார்கள். பொலோனியாவையும் பூலியாவையும் சேர்க்கலாம். பொலோனியாவிலிருந்து அத்ரியாத்திக் கடலோரமாக பாரிக்கும் லெச்சேக்கும் நேரடி விரைவு ரயில் இருக்கிறது, முன்கூட்டி வாங்கினால் மலிவு. சிசிலியை அதோடு ஒட்டவைப்பது பயணமாக இருக்காது, சுமை தூக்குவதாக இருக்கும்.

பூலியா என்று முடிவானால் நான் போடும் வரிசை இது. முதல் இரண்டு இரவு பாரி. அதில் ஒரு நாள், ஞாயிறாக இல்லாமல் பார்த்து, மத்தேரா. அடுத்த இரண்டு இரவு மொனோபோலி. பக்கத்து பொலிஞானோவைவிட அறை வாடகை கொஞ்சம் தணிவு, பொலிஞானோவுக்கோ ரயிலில் சில நிமிடங்கள்தான். வழியில் ஒஸ்தூனியில் இறங்கிப் பார்க்க நினைப்பவர்கள் பையை எங்கே வைப்பது என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும், சின்ன நிலையங்களில் பை வைக்கும் அறை இருக்காது. மிச்ச இரவுகள் எல்லாம் லெச்சே. அங்கே காலையில் பஸ்திச்சோத்தோ என்ற க்ரீம் அடைத்த கேக்கும், பாதாம் பால் விட்ட ஐஸ் காபியும். அந்தக் கேக் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், சைவ நண்பருக்காக 'ஸ்த்ரூத்தோ இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.